வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேன்

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. இரண்டு வருடமாக வயிற்று வலி விட்டுவிட்டு வருகிறது. மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை. வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் தொப்புளுக்கு இடப்பக்கம் முறுக்கிப் பிடிக்கும். சாப்பிட்டதோடு கலந்து பச்சையாக வாந்தி எடுப்பாள். நாலைந்து மணி நேரம் துடித்துவிட்டு, திடீரென்று வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டு வலி நின்றுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல இருப்பாள். மூன்று அல்ட்ராசவுண்ட், ஒரு எண்டோஸ்கோப்பி, ஒரு சி.டி. ஸ்கேன், எல்லாமே நார்மல். சி.டி. எடுத்தது வலி நின்று பன்னிரண்டு நாள் கழித்து. அல்சர் மாத்திரை, பூச்சி மாத்திரை, கடைசியில் மன அழுத்தத்துக்கான மாத்திரை வரை கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து ஆறு கிலோ இளைத்துவிட்டாள். வயிற்றில் இதுவரை எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை, முதல் குழந்தை சுகப்பிரசவம். இப்போது பார்க்கும் சர்ஜன், "வயிற்றுக்குள்ளேயே குடலிறக்கம் இருக்கலாம், லேப்ராஸ்கோப்பி செய்து, சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம்" என்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது இப்படிச் செய்வது சரியா? அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு நினைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல் அந்தப் பன்னிரண்டு நாள் கணக்குதான். சி.டி. ஸ்கேன் என்பது எடுத்த நிமிடத்தின் படம். குடல் ஒரு சந்துக்குள் நுழைந்து மாட்டி, சில மணி நேரத்தில் தானாக வெளியே வந்துவிடும் நோய்கள் உண்டு. வெளியே வந்தபின் எடுத்த படம் நார்மலாக இருப்பதில் வியப்பில்லை. அந்த ஸ்கேன் தவறல்ல, வலி நின்ற வயிற்றைச் சரியாகவே காட்டியிருக்கிறது. வலிக்கிற வயிற்றை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

நேரில் பரிசோதிக்காமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு தெளிவான சித்திரம் இருக்கிறது. பித்தநீர், இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலின் நடுப்பகுதியில்தான் குடலுக்குள் வந்து சேர்கிறது. காலி வயிற்றோடு ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கடைசியில் பித்தம் வரும், அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. நிறையச் சாப்பிட்ட வயிற்றிலிருந்து, சாப்பாடும் பச்சையும் கலந்து வந்தால், அந்த இடத்துக்குக் கீழே எங்கோ பாதை அடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முறுக்கி முறுக்கி வரும் வலி, சத்தத்தோடு சட்டென்று விடுதலை, மறுநாள் முழு ஆரோக்கியம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், குடல் எங்கோ மாட்டி விடுபடுகிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அல்சர் இப்படி நடந்துகொள்ளாது. மன அழுத்தத்தால் வயிறு வலிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பச்சை வாந்தியோடு இளைத்துக்கொண்டே வரும் ஒருவருக்கு அந்தப் பெயரைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும்.

சிறுகுடல் அடைப்புக்கு மிகப் பொதுவான காரணம் பழைய ஆபரேஷனால் உள்ளே உண்டாகும் ஒட்டல்கள். அடுத்தது தொடை இடுக்கிலும் தொப்புளிலும் வெளியே தெரியும் குடலிறக்கம். உங்கள் மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததில்லை. வெளியே வீக்கம் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் அவரை நிற்க வைத்து, இருமச் சொல்லி இடுக்குகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் மிச்சம் இருப்பவை பெரும்பாலும் அபூர்வமானவைதான். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுவான காரணங்கள் எல்லாம் விலகிப்போன பிறகு, அந்த ஆயிரத்தில் ஒருவர் இவராக இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடிவிடுகிறது.

உங்கள் சர்ஜன் சொன்ன உள் குடலிறக்கம் எப்படி உண்டாகிறது என்று புரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். அவ்வளவு நீளமும் மெசென்ட்ரி என்ற மடிப்பில் தொங்குகிறது. அந்த மடிப்பு முதுகுப்புறம் ஒட்டியிருக்கும் அடிப்பகுதி சுமார் பதினைந்து சென்டிமீட்டர்தான். விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள்: பிடி சிறியது, விரிந்த ஓரம் மிக நீளம். ரத்தக்குழாய்கள் எல்லாம் பிடியிலிருந்து ஓரத்துக்குப் போகின்றன. கருவில் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் குடல், தன் பிரதான தமனியை அச்சாக வைத்து 270 டிகிரி சுழன்று வந்து அமர்ந்து, பின்சுவரோடு சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒட்டாவிட்டால் அங்கே ஒரு பை போன்ற சந்து நின்றுவிடும்.

அப்படிப்பட்ட சந்துகளில் அதிகம் பேசப்படுவது, முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் திருப்பத்துக்கு இடப்பக்கம் இருக்கும் லேண்ட்சர்ட் குழி. பிறவியிலேயே வரும் உள் குடலிறக்கங்களில் பாதியளவு முன்சிறுகுடலை ஒட்டிய இந்த வகை. அவற்றில் நான்கில் மூன்று இடப்பக்கம். ஆண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது, பெண்களுக்கும் வரும். பிறவிக் குறையாக இருந்தும் பெரும்பாலோருக்கு நாற்பதை ஒட்டிய வயதில்தான் பிடிபடுகிறது. அதுவரை வாழ்நாள் முழுக்க "எனக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள். நிறையச் சாப்பிட்டதும் குடல் கனத்து, வேகமாக அசையும்போது ஒரு வளைவு அந்தக் குழிக்குள் சரிகிறது. பின்னாலேயே அடுத்த வளைவுகளும் போகின்றன. இரைப்பைக்கும் கணையத்துக்கும் நடுவே ஒரு மூட்டை போலச் சேர்ந்துகொள்கின்றன. இடப்பக்கம் படுத்தாலோ, குனிந்து முழங்கால் போட்டாலோ சிலருக்கு வலி குறையும். உங்கள் மனைவிக்கு எந்த நிலையில் படுத்தால் வலி குறைகிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அதைச் சர்ஜனிடமும் சொல்லுங்கள்.

பிரசவமான பெண்களிடம் இன்னோர் இடத்தையும் தேட வேண்டும். கருப்பையின் இருபக்கமும் விரிந்திருக்கும் அகன்ற மடிப்பில், பிரசவத்தின்போதோ பிறவியிலோ ஒரு கிழிசல் இருந்து, அதன் வழியே சிறுகுடல் நுழையலாம். அது பெரும்பாலும் கடைச் சிறுகுடலாக இருக்கும் என்பதால் வலி அடிவயிற்றில் வரும். வலி மேலே இடப்பக்கம் இருப்பதால் உங்கள் மனைவிக்கு இது குறைந்த சாத்தியம்தான். ஆனாலும் உள்ளே பார்க்கும்போது கருப்பையின் இருபுறமும் பார்க்காமல் முடிக்கக் கூடாது.

இதே போல ஒளிந்து விளையாடும் வேறு நோய்கள் உண்டு. குடல் முழுச் சுற்று சுழலாமலே நின்றுபோன பிறவிக் குறை அவற்றில் முக்கியமானது. குழந்தைகளில்தான் அதிகம் பிடிபடும். ஆனால் பெரியவர்களிடமும் ஆண்டுக்கணக்கில் இப்படியே வலித்து வலித்து விடும். இதில் மெசென்ட்ரியின் பிடி குறுகலாக இருப்பதால், குடல் முழுவதும் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முறுக்கு விழுந்து ரத்தம் நின்றால் இழப்பது ஏறத்தாழ சிறுகுடல் முழுவதையும்தான். இதற்கான ஆபரேஷனை வில்லியம் லாட் 1936-இல் விவரித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை: முறுக்கைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பிரித்து, முன்சிறுகுடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, மெசென்ட்ரியின் பிடியை அகலமாக்கி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்து, அப்பெண்டிக்ஸை எடுத்துவிடுவது. அப்பெண்டிக்ஸ் நல்லதாக இருந்தாலும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. இனி அது இடப்பக்கம் கிடக்கும், பிற்காலத்தில் வீங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது.

சிறுகுடலில் பிறவியிலேயே பிதுங்கி நிற்கும் மெக்கலின் பை நூற்றில் இரண்டு பேருக்கு இருக்கும். அதிலிருந்து தொப்புளுக்கு ஒரு நார் ஓடினால் குடல் அந்த நாரைச் சுற்றி முறுக்கும். பெரியவர்களில் குடலுக்குள் குடல் சொருகிக்கொள்வது அரிது. அப்படி நடந்தால் பெரும்பாலும் சொருகலின் முனையில் ஒரு கட்டி இருக்கும், அதனால் அதை விட்டுவைக்க முடியாது.

குடல் முழுவதையும் வெண்மையான தடித்த உறை ஒன்று கூட்டுப்புழு போலச் சுற்றிக்கொள்ளும் நோயும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கக்கூன் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1978-இல் இளம்பெண்களிடம் விவரிக்கப்பட்டபோது அந்தப் பெயர் வந்தது. வயிற்று வழி டயாலிசிஸ் நீண்ட காலம் செய்தவர்களுக்கும், வயிற்றில் காசநோய் வந்தவர்களுக்கும், சிலருக்குக் காரணமே தெரியாமலும் வரும். வந்து வந்து போகும் அடைப்பு, உடல் மெலிவு, வயிற்றின் நடுவே அழுத்தினால் வலிக்காத மெத்தென்ற ஒரு திரட்சி ஆகியவை இதன் அடையாளம். இதில் ஒரு நுணுக்கம் பலரை ஏமாற்றியிருக்கிறது. வயிற்றைத் திறக்கும் சர்ஜனுக்கு அந்த உறை வயிற்றின் உட்சுவர் போலவே தெரியும். அதை வெட்டினால் கத்தி நேராகக் குடலில் இறங்கும். எடுக்கும் உறைத் துண்டு முழுவதையும், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு உப்புநீரில் தனியாகப் போக வேண்டும்.

இளைத்ததைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குடலுக்குப் போகும் பிரதான தமனி, பெருந்தமனியிலிருந்து ஒரு கோணத்தில் சாய்ந்து இறங்குகிறது. முன்சிறுகுடல் அந்த இடுக்கின் வழியே குறுக்கே போகிறது. அங்கே மெத்தை போல இருக்கும் கொழுப்பு கரைந்தால் கோணம் சுருங்கி முன்சிறுகுடல் நசுங்கும். அதுவே சாப்பிட்டதும் வலியும் பச்சை வாந்தியும் தரும். இடைவெளி 8 மில்லிமீட்டருக்குக் கீழும் கோணம் 25 டிகிரிக்குக் கீழும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஒல்லியான பலருக்கு இந்த அளவுகள் இருந்தும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆகையால் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. உங்கள் மனைவிக்கு வலி முதலில் வந்து, இளைப்பு பிறகு வந்திருக்கிறது. அடிப்படை நோய் வேறாக இருந்து, இளைத்ததால் இதுவும் சேர்ந்துகொண்டிருக்க இடமுண்டு. எடையைத் திரும்ப ஏற்றுவது இந்தப் பிரச்சினைக்கு முதல் மருந்து. எடை ஏறியும் சரியாகாவிட்டால் மட்டும் ஆபரேஷன்.

கத்தி தேவைப்படாத மூன்று நோய்களையும் இப்போதே விலக்கிவிட வேண்டும். இவற்றுக்காக வீணாக வயிற்றைத் திறந்தவர்கள் உண்டு. முதலாவது போர்ஃபைரியா, ரத்தத்தின் நிறப்பொருள் உடலில் உருவாகும் வழியில் வரும் கோளாறு. வலி கடுமையாக இருக்கும், அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்கும், நாடித்துடிப்பு வேகமாக இருக்கும், சிலருக்குக் கை கால் தளர்ச்சியும் குழப்பமும் வரும். வலி இருக்கும்போது பிடித்த சிறுநீரில், இந்த நோயில் கூடும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருளைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் புட்டியை வெளிச்சம் படாமல் சுற்றி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைந்து காட்டும். இரண்டாவது பரம்பரை ஆஞ்ஜியோஎடிமா. குடல் சுவரே வீங்கி அடைப்பு போல வலிக்கும், ஓரிரு நாளில் தானாக வடியும். முகமோ கையோ காரணமின்றி எப்போதாவது வீங்கியதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஆரம்பித்த பிறகு அதிகமானதா என்று கேட்க வேண்டும். சி4 என்ற புரதத்தை அளக்கும் எளிய ரத்தப் பரிசோதனை வழிகாட்டும். மூன்றாவது, ரத்தத்தில் ஈயம் ஏறுவது. வேலையிலோ வீட்டு மருந்திலோ ஈயம் படும் வாய்ப்பு இருந்தால் பார்க்கலாம். இவற்றோடு, வலி மாதவிடாய்த் தேதியோடு ஒத்துப்போகிறதா என்றும் நாள்காட்டியில் குறியுங்கள். ஒத்துப்போனால், கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பட்டியலில் மேலே வரும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதல் வேலைக்கு ஊசி, மருந்து எதுவும் வேண்டாம். பழைய சி.டி.யின் ரிப்போர்ட்டை விட்டுவிடுங்கள். படங்கள் அடங்கிய டிஸ்க்கை வாங்கி, வயிற்று ஸ்கேன்களையே பார்த்துப் பழகிய ஒரு ரேடியாலஜிஸ்ட்டிடம் மறுபடி படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே குறிப்பான கேள்விகள் போக வேண்டும். "வயிற்று வலி" என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு "நார்மல்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை இவை: முன்சிறுகுடல் முடியும் திருப்பம் முதுகெலும்புக்கு இடப்பக்கம்தான் இருக்கிறதா? குடலின் பிரதான சிரை, தமனிக்கு வலப்பக்கம் இருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா? பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வலது அடிவயிற்றில் இருக்கிறதா? சிறுகுடல் வளைவுகள் ஓரிடத்தில் கொத்தாகக் கூடியிருக்கின்றனவா? பெருங்குடலின் இடப்பகுதியிலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் இன்ஃபீரியர் மெசென்ட்ரிக் சிரை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா? மெசென்ட்ரியில் சுழல் தெரிகிறதா? வலி இல்லாத நாளில் எடுத்த படத்திலும் இவற்றில் சில தெரியும். இவை உடலின் அமைப்பைச் சேர்ந்தவை, வலியோடு வந்து வலியோடு போகிறவை அல்ல.

அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால், வலியில்லாத நாளிலேயே சிறுகுடலை நிரப்பிப் பார்க்கும் சி.டி. அல்லது எம்.ஆர். என்டரோகிராஃபி செய்யலாம். ஒரு லிட்டருக்கு மேல் திரவத்தை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வைத்து, குடல் விரிந்த நிலையில் எடுப்பார்கள். சுருங்கிக் கிடக்கும் குடலில் தெரியாதது விரிந்த குடலில் தெரியும். குடலில் நாட்பட்ட அழற்சி தரும் கிரோன் நோயும் குடல் காசநோயும் உண்டாக்கும் சுருக்கங்களையும் இதே பரிசோதனை காட்டிவிடும். முன்சிறுகுடலின் திருப்பம் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகம் இருந்தால், படத்தில் குடலைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயே போதும்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லப்போவது, வலியின் நடுவில் எடுக்கும் சி.டி. இதற்கு முன்னேற்பாடு வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இரண்டு வருடக் கதையைக் கேட்க நேரம் இருக்காது. ஊசி போட்டு, வலி நின்றதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆகவே உங்கள் சர்ஜனிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரி போதும்: "விட்டுவிட்டு வரும் சிறுகுடல் அடைப்பு, உள் குடலிறக்கம் சந்தேகம். வலி இருக்கும்போதே ரத்தநாளத்தில் கான்ட்ராஸ்ட் ஏற்றி வயிறு, இடுப்புப் பகுதி சி.டி. எடுக்கவும். வாய்வழி கான்ட்ராஸ்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்ததும் என்னை அழைக்கவும்." சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, கான்ட்ராஸ்ட் அலர்ஜி உண்டா இல்லையா என்ற விவரம் அதிலேயே இருக்கட்டும். கர்ப்பப் பரிசோதனையை அங்கேயே செய்துகொள்வார்கள்.

வலி தொடங்கினால் சாப்பாடும் தண்ணீரும் நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் பேதி மாத்திரையோ எனிமாவோ வேண்டாம். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் டோம்பெரிடோனும் குடலின் அசைவைத் தூண்டும் மருந்துகள். அடைப்பு இருக்கும் சந்தேகத்தில் அவற்றைத் தரக்கூடாது. இதையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள், நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு இது. வலிக்கான ஊசியை மறுக்க வேண்டியதில்லை. வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை தவறு, ஸ்கேனில் தெரிவதை எந்த வலி மருந்தும் மறைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதுவரை வந்த வலி எல்லாம் தானாக விட்டது என்பதால் அடுத்ததும் விடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடலின் ஒரு வளைவு இரண்டு முனையிலும் இறுக்கப்பட்டால் உள்ளே இருப்பது முன்னும் போகாது, பின்னும் போகாது. முதலில் சிரைகள் நசுங்கும், ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது, சுவர் வீங்கும். வீக்கத்தால் தமனியும் அடைபடும். ரத்தம் முழுவதும் நின்றால் சுமார் ஆறு மணி நேரத்தில் குடலைக் காப்பாற்ற முடியாத நிலை வந்துவிடலாம். விட்டுவிட்டு வந்த முறுக்கல் விடாத வலியாக மாறுவது, ஊசி போட்டும் அடங்காதது, நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டுவது, காய்ச்சல், வயிறு பலகை போல இறுகுவது, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது காத்திருக்கும் நேரமில்லை. திசுவுக்கு ரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் ரத்தத்தில் நார்மல் என்று சொல்லி யாராவது தாமதித்தால், ஆரம்பக் கட்டத்தில் அது நார்மலாகவே இருக்கும் என்பதைச் சர்ஜன் நினைவூட்ட வேண்டும். வயிற்றைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நோயாளி துடிக்கிறார் என்ற முரண்பாடே இங்கே பெரிய துப்பு.

இனி உங்கள் நேர்க்கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது லேப்ராஸ்கோப்பி செய்வது சரியா? மேலே சொன்ன மறுபார்வையும் சிறுநீர், ரத்தப் பரிசோதனைகளும் முடிந்தபிறகு, சரி. ஸ்கேனுக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. குடல் வெளியே வந்துவிட்டால் ஸ்கேனில் தடயம் மிகக் குறைவு. நேரில் பார்க்கும்போது குடல் வெளியே இருந்தாலும், அது நுழைந்த சந்து அங்கேயேதான் இருக்கும். ஆனால் பார்க்கத் தெரிந்து, தேட வேண்டிய எல்லா இடத்திலும் தேட வேண்டும். மேலோட்டமாகக் கேமராவைச் சுழற்றிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று வெளியே வருவதில் பயனில்லை.

முறைப்படி செய்வது இப்படி. தொப்புளில் ஒரு துளை, பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இரண்டு துளைகள். குடல் ஆராய்ச்சியை மேலிருந்து தொடங்காமல், சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கித் தொடங்குவது வழக்கம். அந்த இடம் எப்போதும் அடையாளம் தெரியும், அடைப்பு இருந்தாலும் அங்கே குடல் சுருங்கியிருப்பதால் கருவியால் பிடிக்கப் பத்திரமானது. பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கை மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும். பிறகு குறுக்குப் பெருங்குடலை மேலே தூக்கி, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முன்சிறுகுடலின் திருப்பத்தையும் அதன் இரு பக்கக் குழிகளையும் பார்க்க வேண்டும். சீக்கத்தின் பின்புறம், பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டின் மடிப்பு, கருப்பையின் இருபுறம், மெசென்ட்ரியில் ஓட்டைகள், கல்லீரலின் கீழே இருக்கும் வின்ஸ்லோ துவாரம் எல்லாம் இதில் அடங்கும்.

இடப்பக்கக் குழிதான் காரணம் என்று தெரிந்தால், உள்ளே இருக்கும் குடலை மெதுவாக வெளியே எடுத்து, குழியின் வாயை நிரந்தரத் தையலால் மூடுவார்கள். இதில் ஆபத்தான இடம் வாயின் முன் விளிம்பு. இன்ஃபீரியர் மெசென்ட்ரிக் சிரையும் பெருங்குடலுக்குப் போகும் ஒரு தமனிக் கிளையும் அந்த விளிம்புக்குள்ளேயே ஓடுகின்றன. குடல் வெளியே வரவில்லை என்று அந்த விளிம்பை அவசரத்தில் வெட்டினால் ரத்தம் பீறிடும். தையல் ஊசி ஆழமாகப் போனாலும் அதே கதி. வின்ஸ்லோ துவாரத்தின் முன் விளிம்பில் பித்தக்குழாயும் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களும் இருக்கின்றன, அதில் கத்தியே படக்கூடாது. இதனால்தான், செய்பவர் லேப்ராஸ்கோப்பியில் சிறுகுடலைக் கையாண்டு பழகியவரா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வலி வந்து அவசரமாகச் செய்ய நேர்ந்தால் நிலைமை வேறு. குடல் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் கேமராவுக்கு உள்ளே இடம் இருக்காது, காகிதம் போல மெலிந்த சுவரைக் கருவி கிழித்துவிடும். அப்போது திறந்து செய்வதே பாதுகாப்பு, அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். கறுத்த குடலைக் கண்டதும் வெட்டிவிடவும் மாட்டார்கள். சுருக்கை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் மூடிவைத்து, நிறம் திரும்புகிறதா, தொட்டால் அசைகிறதா, மெசென்ட்ரியில் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகமான நீளம் அதிகமாக இருந்தால், 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்த்து முடிவெடுப்பதும் உண்டு. சிறுகுடலில் இரண்டு மீட்டருக்குக் கீழே மிஞ்சினால் சத்து உறிஞ்சுவதே பெரும்பாடாகிவிடும் என்பதால் ஒவ்வொரு சாணும் கணக்கு.

லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதிக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், அப்பெண்டிக்ஸை எடுப்பீர்களா என்று கேளுங்கள். கட்டியோ காசநோயோ கண்டால் அப்போதே என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முழு ஆய்வையும் வீடியோவாகப் பதிவு செய்து தருவீர்களா என்றும் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்ற முடிவு வந்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பதிவு ரிப்போர்ட்டைவிடப் பயன்படும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடினால், நாடி வேகமெடுத்தால், காய்ச்சல் வந்தால், வாயுத்தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். குடலில் கண்ணுக்குத் தப்பிய சிறு கிழிசல் இருந்தால் இப்படித்தான் வெளிப்படும்.

அதுவரைக்கும் சாப்பாடு. எந்தப் பண்டமும் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஒரே வேளையில் குடலில் இறங்கும் அளவுதான் தூண்டுகிறது. மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்து, நார் குறைந்த, குழைவான உணவாக, நன்றாக மென்று சாப்பிடட்டும். பட்டினி மட்டும் வேண்டாம். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்துப் புரதமும் கலோரியும் ஏற்றுவது நல்லது. பழைய எடை என்ன, எத்தனை மாதத்தில் குறைந்தது என்று சர்ஜனிடம் சொல்லுங்கள்.

குழந்தைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளும்போது உள்ளே இருக்கும் சந்துகளில் குடல் மாட்டுவது எளிதாகும். பிரசவத்துக்குப் பின் கருப்பை சட்டென்று சுருங்கிக் குடல் இடம் மாறும் நாட்களும் அப்படித்தான். கர்ப்பத்தில் வாந்தியும் வயிற்று வலியும் சகஜம் என்று எல்லோரும் சமாதானம் சொல்வார்கள், நோய் தெரிவதற்குள் நேரம் போய்விடும். ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்து, இழந்த எடை திரும்பியபிறகு குழந்தைக்குத் திட்டமிடுங்கள். எத்தனை மாத இடைவெளி என்பதை உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் சர்ஜனும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து சொல்வார்கள். ஒருவேளை எதிர்பாராமல் முன்னதாகவே கரு தரித்துவிட்டால், முதல் சந்திப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் அந்த நான்கு வரிக் கடிதத்தைக் காட்டுங்கள். அந்த நிலையில் பழைய மாதிரி வலி வந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அது உடனே கிடைக்காமல் தாயின் நிலை மோசமானால் சி.டி. எடுக்கத் தயங்க வேண்டாம். குடல் அழுகுவதால் தாய்க்கும் சேய்க்கும் வரும் ஆபத்து அந்த ஒரு ஸ்கேனின் கதிர்வீச்சைவிடப் பல மடங்கு பெரியது.